போலி மருந்து: லேபிளுக்கு முன்னால் பீப்பாயைப் பாருங்கள்

கேள்வி இது: கடையில் வாங்கிய மருந்து போலியா இல்லையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? இத்தனை சட்டம் இருந்தும் உலகம் முழுக்க இந்தச் சிக்கல் ஏன் தீரவில்லை?

முதல் பாதிக்கு நேரான பதில்: பெரும்பாலும் முடியாது. அட்டையில் எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, பில்லில் ஒரு பேட்ச் எண்ணும் அட்டையில் வேறொரு எண்ணும் இருப்பது, காலாவதித் தேதியைச் சுரண்டி எழுதியிருப்பது, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டாம். ஆனால் கடந்த 90 ஆண்டுகளில் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற சிரப்புகளை எடுத்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் உரிமம் பெற்ற ஆலையிலிருந்து, சொந்தப் பெயரோடு, ஒழுங்கான லேபிளோடு வந்தவை. பாட்டிலில் பொய் இல்லை. பொய் அதற்கு முன்பே, மூலப்பொருள் வந்த பீப்பாயில் இருந்தது. இரண்டாம் பாதிக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. உரிமத்தோடு தயாரித்தும் தரச்சோதனையில் தேறாதவை தரம் குறைந்த மருந்துகள். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதில் வேண்டுமென்றே பொய் சொல்பவை போலி மருந்துகள். காப்புரிமை, வணிகச் சின்னத் தகராறுகளை இந்தக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அது சரியான முடிவு. 2008, 2009 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போன நல்ல ஜெனரிக் மருந்துகளை நெதர்லாந்து சுங்கத்துறை காப்புரிமையைக் காரணம் காட்டி இடைவழியில் பிடித்துவைத்தது. நோயாளியைக் காப்பதும் நிறுவனத்தின் சந்தையைக் காப்பதும் ஒரே வேலை போலப் பேசப்பட்ட அந்த ஆண்டுகளில் உலக அளவிலான ஒத்துழைப்பு தடைபட்டது. அதே 2017-ல் வெளியான மதிப்பீட்டின்படி, ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் சோதித்த மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த இரண்டு வகையில் ஒன்றாக இருந்தது.

வேண்டுமென்றே செய்யும் போலிக்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம், மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மாத்திரை. சீனாவின் குயிலின் நகர நிறுவனம் ஒன்று தயாரித்த அசல் அட்டையில் ஹாலோகிராம் இருக்கும். 2000-களின் முதல் பாதியில் அந்த ஹாலோகிராமையே பத்துக்கும் மேற்பட்ட விதங்களில் நகலெடுத்துவிட்டார்கள். வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து எல்லைப் பகுதிகளில் திரட்டிய 391 மாதிரிகளில் 195 போலி. மாத்திரைக்குள் சிக்கியிருந்த மகரந்தத் துகள்களும் கால்சைட் கனிமமும் ஒரு பகுதி தென் சீனாவில் தயாரானதைக் காட்டின. சீனக் காவல்துறை கைது வரை போனது. சிலவற்றில் ஆர்ட்டிசுனேட்டுக்குப் பதில் பாராசிட்டமால் இருந்தது. காய்ச்சல் தணியும், நோயாளி மருந்து வேலை செய்கிறது என்று நம்புவார், ஒட்டுண்ணி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். வேறு சிலவற்றில் கொஞ்சமே கொஞ்சம் ஆர்ட்டிசுனேட் இருந்தது. நிறம் மாறுவதை மட்டும் பார்க்கும் எளிய சோதனையில் அது தேறிவிடும், ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாது. குறைந்த அளவு மருந்துக்குப் பழகும் ஒட்டுண்ணிதான் எதிர்ப்புத்திறன் பெறுகிறது. ஒரு கிராமத்தில் விற்ற போலி மாத்திரையின் கெடுதல் எல்லை தாண்டிப் போவது இப்படித்தான். நல்ல மருந்து வாங்கியவருக்கும் அது பலிக்காமல் போகிறது.

இனி சிரப்புக்கு வருவோம். இங்கே கொல்லும் பொருளின் பெயர் டைஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக டி.இ.ஜி. பிரேக் ஆயிலிலும், பிசின், சாயத் தொழில்களிலும் பயன்படும் கரைப்பான். நிறமில்லை, மணமில்லை, கொழகொழப்பு, இனிப்புச் சுவை. பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் திரவ மருந்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். இவை பாதுகாப்பானவை. டி.இ.ஜி. பார்வைக்கும் நாக்குக்கும் இவற்றைப் போலவே இருக்கும், விலை மலிவு. இதன் உறவுப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் அப்படியே.

டி.இ.ஜி.யைக் கல்லீரல் படிப்படியாக மாற்றி டைகிளைக்காலிக் அமிலம் ஆக்குகிறது. அந்த அமிலம் சிறுநீரக நுண்குழாய்களின் செல்களில் சேர்ந்து அவற்றைச் சாகடிக்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு ரத்தத்தில் அமிலம் கூடும், சிலருக்கு முகவாதமும் கைகால் பலவீனமும் வரும். காய்ச்சல், வாந்தி, சிறுநீர் குறைவு என்பதெல்லாம் எந்தத் தொற்றிலும் வரக்கூடியவை என்பதால் மருத்துவர்களுக்குச் சந்தேகம் தாமதமாகவே வருகிறது. காம்பியாவில் 2022-ல் குழந்தைகள் இறக்கத் தொடங்கியபோது கிருமித்தொற்று என்றுதான் முதலில் தேடினார்கள்.

1996-ல் ஹைதியில் நடந்ததை ஆராய்ந்த குழு தந்த எண்கள் இன்றும் பயன்படுகின்றன. உள்ளூரில் தயாரித்த பாராசிட்டமால் சிரப்பில் நடு அளவாக 14.4% டி.இ.ஜி. இருந்தது. அதற்குப் பயன்படுத்திய இறக்குமதி கிளிசரினில் 24%. பாதிக்கப்பட்ட குழந்தைகள் 109 பேர். ஹைதியிலேயே சிகிச்சை பெற்று, பிறகு என்ன ஆனார்கள் என்று தெரியவந்த 87 பேரில் 85 பேர் இறந்தார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 11 பேரில் இறந்தது 3 பேர். அதே விஷம்தான். டயாலிசிஸும் தீவிர சிகிச்சையும் கிடைத்ததா என்பதே இந்த வேறுபாடு. உடலைப் பாதித்த டி.இ.ஜி. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நடு அளவாக 1.34 மில்லி, குறைந்தபட்சம் 0.22 மில்லி என்று கணித்தார்கள்.

இதை 2025-ல் நடந்ததோடு பொருத்திப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்ட கோல்ட்ரிஃப் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் தமிழ்நாடு அரசு ஆய்வகம் கண்ட டி.இ.ஜி. 48.6%. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.10%. அதாவது 486 மடங்கு. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளை 5 மில்லி கொடுத்தால் 2.43 கிராம் டி.இ.ஜி. உள்ளே போகிறது. அடர்த்தி 1.118 என்பதால் அது ஏறக்குறைய 2.2 மில்லி, கிலோவுக்கு 0.22. ஹைதியில் கண்ட குறைந்தபட்ச அளவை முதல் வேளையிலேயே தொட்டாயிற்று. நாளைக்கு மூன்று வேளை என்றால் இரண்டாம் நாள் முடிவில் நடு அளவை ஏறக்குறைய எட்டிவிடும். இருமலுக்கு இரண்டு நாள் சிரப் கொடுப்பதை எந்தத் தாயும் தவறு என்று நினைக்க மாட்டாள். இவ்வளவு அதிகமான அளவை, கரைப்பானில் தெரியாமல் கொஞ்சம் கலந்துவிட்டது என்று யாரும் விளக்கிவிட முடியாது.

இது பீப்பாயில் எப்படி நுழைகிறது? இரண்டு சம்பவங்கள் வழியைத் துல்லியமாகக் காட்டுகின்றன. 2006-ல் பனாமாவில் அரசு ஆய்வகமே தயாரித்த சளி மருந்தில் 100 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மூலப்பொருள் சீனாவிலிருந்து ஸ்பெயின் தரகர் வழியாக வந்தது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் முந்தையவர் பெயரை நீக்கி, புதுச் சான்றிதழ் எழுதி, கிளிசரின் என்று ஆக்கிவிட்டார்கள். இடையில் யாரும் திறந்து சோதிக்கவில்லை. 2022-ல் இந்தோனேசியாவில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, டவ் என்ற ரசாயன நிறுவனத்தின் புரொப்பிலீன் கிளைக்கால் லேபிளைப் போலியாக ஒட்டிய பீப்பாய்களில் எத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. சிரப் கம்பெனியின் பெயர் அசல், உரிமம் அசல். போலியாக இருந்தது பீப்பாய். அந்தக் கம்பெனி அதைச் சோதித்திருந்தால் அந்த நஞ்சு அதன் சிரப்புக்குள் போயிருக்காது. அதன் அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்ததும் அந்த அலட்சியத்துக்காகத்தான்.

சரி, பீப்பாயை எப்படிச் சோதிப்பது? சிறு ஆலைகள் தவறவிடும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரியானவை.

சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். விற்பவர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. மூலத் தயாரிப்பாளரின் சான்றிதழ் வேண்டும். அதில் உள்ள லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், பீப்பாயின் லேபிளில் இருக்க வேண்டும், சீல் உடையாமல் இருக்க வேண்டும். புரொப்பிலீன் கிளைக்கால் பீப்பாய் வழக்கமாக 215 கிலோ, கிளிசரின் 250 கிலோ. இடைத்தரகர் டேங்கரில் வாங்கிப் பிரித்து ஊற்றிய பீப்பாயும், 50 கிலோ கேனில் வரும் சில்லறைச் சரக்கும் மருந்து ஆலைக்குள் வரவே கூடாது. சங்கிலி அறுபடுவது இங்கேதான். தொழிற்சாலைத் தரத்துக்கும் மருந்துத் தரத்துக்கும் விலை வித்தியாசம் இருக்கும்போது, பெயின்ட் கடைக்கும் மருந்து ஆலைக்கும் ஒரே வியாபாரி சப்ளை செய்தால் ஆபத்து கதவுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து அடர்த்தி. புரொப்பிலீன் கிளைக்காலின் அடர்த்தி 1.036, டி.இ.ஜி.யின் அடர்த்தி 1.118, எத்திலீன் கிளைக்கால் 1.11 சுமார், கிளிசரின் 1.26. பீப்பாய் முழுவதுமே மாற்றப்பட்டிருந்தால் குறிப்பிட்ட கொள்ளளவுள்ள சிறு குடுவையை எடைபோடும் சோதனையே காட்டிக்கொடுக்கும். பத்து நிமிட வேலை. ஆனால் 2% கலந்திருந்தால் 1.036 என்பது 1.038-க்கு அருகில்தான் போகும். சாதாரணக் கருவியின் பிழைக்குள் அது மறைந்துவிடும். 0.1% அளவைக் காணவே காணாது. அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையும் அப்படித்தான். பெரும்பகுதி என்ன என்று சொல்லும், சிறு கலப்பைச் சொல்லாது. ‘அடையாளச் சோதனையில் தேறியது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது.

அதனால் டி.எல்.சி. எனப்படும் மென்தட்டுச் சோதனை தேவை. சிலிக்கா பூசிய தட்டில் மாதிரியையும், 0.10% டி.இ.ஜி., 0.10% எத்திலீன் கிளைக்கால் கலந்த ஒப்பீட்டுக் கரைசல்களையும் அருகருகே புள்ளி வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, நிறமூட்டிப் பார்க்க வேண்டும். ஒப்பீட்டுப் புள்ளியின் உயரத்தில் மாதிரியிலும் புள்ளி தெரிந்தால் அந்தப் பீப்பாயைத் தனியே பூட்டிவைத்து, ஜி.சி. எனப்படும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளவைக் கணக்கிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச மருந்துத் தரநூல் 2023-ல் ஏற்றுக்கொண்ட முறையும் இதே இரண்டு படிதான்: முதலில் மலிவான தட்டு, பிறகு கருவி. ஜி.சி. வாங்க முடியாத ஆலையும் தட்டை வாங்க முடியும். ‘கருவி இல்லை’ என்பது ஏற்கத்தக்க காரணம் அல்ல.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று சொல்ல வேண்டும். 20 பீப்பாய் வந்தால் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்யும் பழக்கம் உண்டு. செலவு மிச்சம்தான். ஒரு பீப்பாயில் மட்டும் 2% டி.இ.ஜி. இருந்தால், கலவையில் அது இருபதில் ஒரு பங்காகி 0.10% என்று வரும், வரம்புக்குள் இருப்பதாகத் தேறிவிடும். அந்த ஒரு பீப்பாய் ஒரு முழு பேட்ச் சிரப்புக்குள் போகும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007-லேயே கிளிசரினுக்கு லாட்டின் ஒவ்வொரு கொள்கலனிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொன்னது இதனால்தான். 2023-ல் அந்த அறிவுரையைப் புரொப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் கரைசல், மால்டிட்டால் கரைசல் வரை விரித்தார்கள்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1937-ல் அமெரிக்காவின் மாசெங்கில் நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தை 72% டி.இ.ஜி.யில் கரைத்து விற்றது. 105 பேர் இறந்தார்கள். அன்றைய சட்டத்தில் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்கும் கட்டாயமே இல்லை. ‘எலிக்சிர்’ என்று பெயர் வைத்தால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற பெயர்க்குற்றத்தைச் சொல்லித்தான் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டே, 1938-ல், புதுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1972-ல் சென்னை, 1986-ல் மும்பை, 1998-ல் குர்கான், 2019-20-ல் ஜம்முவின் ராம்நகர் என்று இந்தியாவில் மட்டுமே பட்டியல் நீள்கிறது. நைஜீரியா, வங்கதேசம், உஸ்பெகிஸ்தான் தனி.

அறிவியல் 90 ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் ஏன் நிற்கவில்லை என்றால், சோதனைக்கான பொறுப்பு ஒவ்வொரு கையிலிருந்தும் அடுத்த கைக்கு நழுவுகிறது. வாங்கும் நாட்டில் ஆய்வகம் இருக்காது. காம்பியாவுக்கு மருந்துச் சோதனைக்கூடமே இல்லை, மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் தெரிந்துகொண்டது. அங்கே 70 குழந்தைகள் வரை இறந்தார்கள். விற்கும் நாடு, ஏற்றுமதி வாங்குபவரின் பொறுப்பு என்று நினைக்கும். இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட காம்பியா, உஸ்பெகிஸ்தான் சாவுகளுக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு ஆய்வகங்களில் சோதிக்க இந்தியா கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் இறந்தது உள்நாட்டுக் குழந்தைகள். தமிழ்நாட்டின் ஆய்வகம் தகவல் வந்த ஓரிரு நாளில் முடிவைச் சொன்னது, விற்பனையும் உடனே நிறுத்தப்பட்டது. அந்த வேகம் பாராட்டுக்குரியது. அதே ஆலையில் ஆய்வுக்குப் போனபோது 364 விதிமீறல்கள் பதிவாயின என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இத்தனை மீறல்கள் ஒரு வாரத்தில் சேர்வதில்லை.

கியூஆர் குறியீட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் அது கட்டாயம். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி, உரிம எண் வரும். செய்து பாருங்கள், பலன் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி முதல், மருத்துவர் சீட்டுக்கு விற்கும் பெரும்பாலான மருந்துகளின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண், மருந்துக்கடையில் கொடுக்கும்போது அந்த எண் கணினியில் நீக்கப்படுகிறது. ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் மணி அடிக்கும். பேட்ச் முழுவதற்கும் ஒரே தகவல் என்றால் அட்டையோடு குறியீட்டையும் நகலெடுத்துவிடலாம். இரண்டு முறையுமே பீப்பாயில் தொடங்கிய நஞ்சைத் தடுக்காது. கோல்ட்ரிஃப் பாட்டிலில் எந்தக் குறியீடு இருந்திருந்தாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலாவது, சின்னக் குழந்தைக்குச் சளி சிரப்பே வேண்டாம் என்பது. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே இருக்க வேண்டும். 2025 அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்துக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்று சொன்னது. சாதாரணச் சளி தானாகவே சரியாகும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தாய்ப்பால் அல்லது போதுமான நீராகாரம், காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் மருத்துவரைக் கேட்டு. எந்தச் சிரப்பைக் கொடுத்தாலும் குழந்தை சிறுநீர் கழிப்பதைக் கவனியுங்கள். வாந்தியோடு ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் வரவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஃபோமிபிசோல் என்ற மருந்து கல்லீரல் செய்யும் அந்த மாற்றத்தைத் தடுக்கும். எல்லா ஊரிலும் கிடைக்காது, டயாலிசிஸ்தான் நம்பகமான வழி.

பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருந்தால்தான் திரும்பப்பெறும் அறிவிப்பு வரும்போது உங்களிடம் இருப்பது அதே பேட்சா என்று தெரியும். சந்தேகம் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்கும் சொல்லலாம். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ம் பிரிவு, வாங்கியவர் யாரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதித்து அறிக்கை பெறலாம் என்கிறது. மிகச் சிலரே பயன்படுத்தும் உரிமை இது.

மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பகுதியிலிருந்து காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்போடு இரண்டாவது குழந்தை வந்தவுடன், கடந்த பத்து நாளில் குடித்த எல்லாச் சிரப்பையும் கேளுங்கள். பாட்டிலைக் கழுவ விடாதீர்கள், மூடியோடு ஒட்டி, பெயர், தேதி, பேட்ச் எண் எழுதி வையுங்கள். அதே கடையிலிருந்து அதே பேட்சின் திறக்காத பாட்டிலையும் மருந்து ஆய்வாளர் மூலம் எடுக்கச் சொல்லுங்கள். திறந்த பாட்டில் மட்டும் இருந்தால், வீட்டில் ஏதோ கலந்துவிட்டது என்று நிறுவனம் நீதிமன்றத்தில் சொல்லும். சீல் உடையாத பாட்டிலிலும் அதே நஞ்சு இருந்தால் அந்த வாதம் நிற்காது.